மூன்றடி உயரத்தில் நுவரெலியா

கிரகரி வாவிக் கரையில் குடித்து முடித்த தண்ணீர்ப் போத்தலை எறிந்துவிடாமல், மூடியை இறுகத் திருகி, ஊர் திரும்பும் வேனில் பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள். லபுக்கலை தாண்டிப் பாதை இறங்கத் தொடங்கியதும் போத்தலின் பக்கங்கள் மெல்ல ஒடுங்கும். இறம்பொடை ஆஞ்சநேயர் கோயிலை நெருங்கும்போது 'டக்'கென்று ஒரு பக்கம் குழிந்துவிடும். கம்பளை போய்ச் சேர்வதற்குள் யாரோ காலால் மிதித்ததுபோல் ஆகியிருக்கும். மேலே வரும்போது நடப்பது இதற்கு நேர்மாறு. கொழும்பில் வாங்கிய பிஸ்கட் பக்கட் ஹட்டனில் லேசாக உப்பும். நுவரெலியாவில் காற்றடைத்த தலையணையாகி நிற்கும்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். கடல் மட்டத்தில் நம் தலைக்கு மேலிருக்கும் காற்று, ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையாக அழுத்துகிறது. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நிற்கும்போது காற்று மண்டலத்தின் ஐந்தில் ஒரு பங்கு நம் காலுக்குக் கீழே போய்விட்டது. வாவிக் கரையில் போத்தலுக்குள் அடைபட்டது அந்த மெல்லிய காற்று. கீழே இறங்க இறங்க வெளியில் அழுத்தம் ஏறுகிறது, உள்ளே ஏறவில்லை. போத்தல் தாக்குப்பிடிக்க முடியாமல் நசுங்குகிறது.

பிள்ளையின் கையிலுள்ள போத்தலுக்கு நேர்வதுதான் பிள்ளையின் காதுக்குள்ளும் நேர்கிறது. இறங்கும் பாதையில் எத்தனையோ கைக்குழந்தைகள் வீறிட்டு அழுவதை நாம் கேட்டிருக்கிறோம். பசி என்கிறோம், தூக்கம் என்கிறோம், கோயிலில் கண்ணூறு பட்டுவிட்டது என்கிறோம், அடம் என்று அதட்டவும் செய்கிறோம். பெரும்பாலான நேரம் அந்த அழுகைக்குப் பௌதிகக் காரணம் இருக்கிறது. பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே வேனில் ஏறி ஒரே மலைக்குப் போனாலும், அந்த மலை இரண்டு உடல்களை ஒரே மாதிரி நடத்துவதில்லை.

முதலில் காது. செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவி என்ற சிறிய காற்றறை இருக்கிறது. அதற்கு வெளியுலகத் தொடர்பு ஒரே வழியில்தான்: மூக்கின் பின்புறத்தில் வந்து திறக்கும் யூஸ்டேக்கியன் குழாய். பதினாறாம் நூற்றாண்டில் அதை விரிவாக எழுதிவைத்த இத்தாலிய உடற்கூற்று அறிஞர் பார்த்தொலோமியோ யூஸ்டாக்கியின் பெயர் அதற்கு. இந்தக் குழாய் எப்போதும் திறந்திருப்பதில்லை. எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் சிறு தசையொன்று இழுக்க, ஒரு கணம் திறந்து மூடுகிறது. அந்த ஒரு கணத்தில் காற்று உள்ளே வெளியே போய் இரு பக்கமும் சமமாகிவிடும். 'அம்மா, காது அடைக்குது' என்று பிள்ளை சொன்னால், 'எச்சில முழுங்கு சாமி' என்று அம்மாக்கள் சொல்வது முழுக்கச் சரியான வைத்தியம்.

ஏறும்போது பெரிதாகச் சிக்கல் இல்லை. உள்ளே அழுத்தம் கூடுதலாக இருப்பதால் காற்று தானே குழாயைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும். இறங்கும்போதுதான் வில்லங்கம். வெளியழுத்தம் அந்த மென்மையான குழாயின் வாயை இன்னும் இறுக்கி மூடுகிறது. தசை வேலை செய்தால் ஒழிய அது திறக்காது. ஏறும்போது காது அடைக்கும், இறங்கும்போது காது வலிக்கும் என்ற அனுபவத்துக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

கைக்குழந்தையின் குழாய் பெரியவர்களுடையதைப்போல் பாதி நீளம்தான். ஒடுக்கமானது, குருத்தெலும்பு பிஞ்சு, இழுக்கும் தசை பலவீனம். பெரியவர்களுக்கு அது 45 பாகைச் சரிவில் கீழ்நோக்கி இறங்குகிறது. குழந்தைக்குக் கிட்டத்தட்டப் படுக்கையாகக் கிடக்கிறது. மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரை இன்னொரு இடைஞ்சல்: மூக்கின் பின்புறத்திலுள்ள அடினோயிட் திசு அந்த வயதில்தான் பருத்திருக்கும், குழாயின் வாய்க்குப் பக்கத்திலேயே. சளி பிடித்திருந்தால் எல்லாம் சேர்ந்து வீங்கிக்கொள்ளும். நம் மலையில் மழைக் காலத்தில் சளி இல்லாத பிள்ளையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நுவரெலியாவிலிருந்து இறம்பொடைக்கு ஏறத்தாழ 900 மீற்றர் இறக்கம். வழியில் குழாய் ஒருமுறைகூடத் திறக்கவில்லை என்று வைத்துக் கணக்குப் போட்டால், செவிப்பறையின் இரு பக்கத்துக்கும் இடையே சுமார் 10 கிலோபஸ்கால் வித்தியாசம் வரும். செவிப்பறை நகத்தளவுச் சவ்வு. தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று. அதன்மேல் ஏறத்தாழ 60 கிராம் எடையை வைத்ததற்கு அது சமம். பிறக்கும்போதே செவிப்பறை ஏறக்குறைய முழு அளவில் இருப்பதால், ஆறு மாதக் குழந்தைக்கும் அதே 60 கிராம்தான். விமானத்தில் குழந்தைகள் காது வலியால் அழுவதைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். பயணிகள் விமானத்தின் உள்ளழுத்தம் அதிகபட்சம் 2,400 மீற்றர் உயரத்துக்கு நிகராக வைக்கப்படுகிறது. நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு இறங்கும் குழந்தையின் காது அதில் முக்கால் பங்கை வாழ்நாளில் ஒரு விமானமும் ஏறாமலே பார்த்துவிடுகிறது. பாதையில் நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது என்பது மட்டும் ஆறுதல்.

செய்ய வேண்டியது எளிது. இறங்கத் தொடங்கும்போது தாய்ப்பால் கொடுங்கள், அல்லது போத்தல் பால், அல்லது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். விழுங்கும் ஒவ்வொரு முறையும் குழாய் திறக்கும். தூங்கும் குழந்தை விழுங்குவது குறைவு. ஆகவே 'நல்லா தூங்குது, எழுப்பாதீங்க' என்று விடுவதைவிட, பெரிய இறக்கத்துக்கு முன் எழுப்பிப் பால் கொடுப்பது நல்லது. நாலு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு டொபி கொடுக்க வேண்டாம். வளைவில் வேன் குலுங்கும்போது அது தொண்டையில் போய்ச் சிக்கும். எதுவும் செய்ய முடியாத நிலையில் குழந்தை அழுதால், அந்த அழுகையும் ஒரு வகையில் உதவியே: வாய் அகலத் திறக்கிறது, இடையிடையே விழுங்குகிறது. காதில் சீழ் வடியும் பிள்ளையை, கடும் சளிக் காய்ச்சலோடு இருக்கும் பிள்ளையை அந்த வாரம் மலை இறக்காமல் இருப்பதே மேல்.

பால்மாப் போத்தலோடு பயணம் போகும் தாய்மாருக்கு ஒரு சிறு குறிப்பு. அழுத்தம் குறைவதால் நுவரெலியாவில் தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை. ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். கடலை வேக நேரமாவது அதனால்தான். கிருமி சாக அந்தச் சூடு போதும். உலக சுகாதார நிறுவனம் பால்மா கரைக்கச் சொல்வது 70 பாகைக்குக் குறையாத நீரில். 2,000 மீற்றருக்கு மேலே, ஹோர்டன் சமவெளிப் பக்கம், தண்ணீரை மூன்று நிமிடம் கொதிக்க விட்டால் சரி.

காதுக்காகக் கைக்குழந்தை அழும் அதே வளைவில், பக்கத்தில் ஆறு வயது அக்கா ஷொப்பிங் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போய் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் பிரச்சினை உட்செவியில்.

உட்செவியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த மூன்று அரைவட்டக் கால்வாய்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் உள்ளிருக்கும் திரவம் சற்றுப் பின்தங்கி, அங்குள்ள நுண்மயிர்களை வளைத்து, திரும்புகிறோம் என்று மூளைக்குச் சொல்கிறது. முன்னுக்குப் போவதையும் மேலே கீழே அசைவதையும் சொல்ல வேறு இரு பைகள். வளைவில் இவை எல்லாம் ஒரே குரலில், 'இடப்பக்கம் சாய்கிறோம், வலப்பக்கம் சாய்கிறோம்' என்று கூவுகின்றன. கண்ணோ வேறு கதை சொல்கிறது. கண்ணுக்கு முன்னால் இருப்பது முன்சீட்டின் முதுகு. அது அசையவே இல்லை. கண்ணும் காதும் முரண்படும் செய்தியை மூளையால் இணைக்க முடியாதபோது குமட்டல் வருகிறது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். உட்செவியின் சமநிலை உறுப்பு முற்றாகச் செயலிழந்தவர்களுக்கு எத்தனை வளைவு போனாலும் வாந்தி வராது என்பது இதற்கு வலுவான சான்று.

அதற்கு ஏன் வாந்தி எடுக்க வேண்டும்? உளவியலாளர் மிஷெல் டிரீஸ்மன் 1977இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆதி மனிதனுக்குக் கண்ணும் சமநிலையும் முரண்பட்டது பெரும்பாலும் நச்சுக் காயையோ கிழங்கையோ தின்றபோதுதான். ஆகவே அந்த முரண்பாடு தெரிந்த உடனே, தின்றதை வெளியேற்று என்று உடல் கட்டளையிடுகிறது. பஸ்ஸும் வளைவும் வந்தது நேற்றுத்தான்; உடலுக்கு இன்னும் அது தெரியாது. நிரூபிக்கக் கடினமான கருதுகோள் இது. ஆனாலும் பிள்ளையின் வாந்தியைக் குற்றமாகப் பார்க்காமல், தன்னைக் காக்க உடல் செய்யும் வேலையாகப் பார்க்க வைப்பதால் எனக்கு இதன்மேல் பிடிப்பு.

இரண்டு வயதுக்குள் இந்தக் குமட்டல் அபூர்வம். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் உச்சம், பிறகு மெல்லக் குறையும். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இன்னொரு பாதகம் இருப்பதை நம் பஸ்களில் கண்கூடாகப் பார்க்கலாம். சீட்டில் உட்கார்ந்தால் பெரியவருக்கு ஜன்னல் வழியே தேயிலை மலை, தூரத்துத் தொடுவானம் எல்லாம் தெரியும். பிள்ளையின் கண்மட்டம் ஜன்னல் விளிம்புக்குக் கீழே. அதற்குத் தெரிவது சீட்டின் முதுகும் நின்று வருபவர்களின் இடுப்பும்தான். வெளியுலகைப் பார்த்துக் காதோடு கண்ணை ஒத்துப்போகச் செய்ய அதற்கு வழியே இல்லை. போனைக் கையில் கொடுத்து அமைதிப்படுத்தினால் முரண்பாடு இன்னும் கூடுகிறது.

எந்த அசைவு அதிகம் குமட்டும் என்று ஆய்வுக்கூடத்தில் மனிதர்களை ஆட்டிப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்கள். விறுவிறுவென்ற அதிர்வு குமட்டுவதில்லை. ஐந்து செக்கனுக்கு ஒருமுறை வந்துபோகும் மெதுவான ஊசலாட்டம்தான் மிக மோசம். கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் பாதையிலும் இறம்பொடை வளைவுகளிலும் பஸ் ஒரு பக்கச் சாய்விலிருந்து மறுபக்கச் சாய்வுக்கு மாற எடுக்கும் நேரத்தை எண்ணிப் பாருங்கள்; அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பின்சில்லுக்குப் பின்னாலுள்ள கடைசி சீட்டில் ஆட்டம் கூடுதல். சாரதிக்கு ஏன் குமட்டுவதில்லை என்றால், அடுத்த வளைவு எங்கே, எவ்வளவு என்று அவர் மூளைக்கு முன்கூட்டியே தெரியும்.

ஆக, பிள்ளையை நடுப்பகுதி சீட்டில், ஜன்னலோரம், வெளியே தெரியுமளவு உயரம் கொடுத்து உட்கார வையுங்கள். வேனின் முன்சீட்டில் மடியில் வைத்துக்கொள்வது மட்டும் வேண்டாம். பிரேக் அடித்தால் நாம் நசுக்குவது பிள்ளையைத்தான். 'அந்தா சென். கிளயர் நீர்வீழ்ச்சி, இந்தா டெவோன்' என்று தூரத்தைக் காட்டிக்கொண்டே வருவதை நேரப்போக்கு என்று எண்ண வேண்டாம், அது வைத்தியம். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்ட கொத்துரொட்டியும் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பனி அடித்தாலும் பரவாயில்லை. இஞ்சி சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை. மாத்திரை என்றால் வயதையும் எடையையும் சொல்லி டாக்டரிடம் கேட்டே கொடுக்க வேண்டும்.

முடிந்த குடும்பங்களுக்கு ரயில் இதைவிட நல்லது. நாவலப்பிட்டிக்கு 1874இலும் நானுஓயாவுக்கு 1885இலும் எட்டிய அந்தப் பாதையை அமைத்தவர்கள் செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சின் திணறாமலிருக்க, 44 அடிக்கு ஓர் அடி என்ற அளவுக்கு மேல் ஏற்றம் வைக்கவில்லை. ஆகவே பாதை மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. ரயில் மெதுவாகத்தான் போக முடியும். மெதுவாகப் போவதால் பக்கவாட்டுத் தள்ளல் குறைவு. பிள்ளை எழுந்து நின்று ஜன்னலில் வெளியைப் பார்க்கலாம். அந்தத் தண்டவாளத்துக்காக மலையைக் குடைந்தவர்களில் நம் முன்னோர் எத்தனையோ பேர். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் பிள்ளைகள் கூச்சலிடும்போது அதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

நுவரெலியாவுக்குக் குடும்பத்தோடு போகிறவர்களில் பலர் ஏப்ரலில்தான் போகிறார்கள். பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம், புத்தாண்டு லீவு, கையில் கொஞ்சம் காசு. சூரியன் நுவரெலியாவின் தலைக்கு நேர்மேலே வருவதும் அந்த மாதத்தின் முதல் வாரத்தில்தான். நகரம் வடக்கு அகலக்கோடு 7 பாகையை ஒட்டி இருக்கிறது. ஏப்ரல் 7 வாக்கில் நண்பகலில் விளக்குக் கம்பத்துக்கு நிழலே விழாது. அன்றைய ஊதாக்கடந்த கதிர் நேர்குத்தாக, மிகக் குறைந்த தூரம் காற்றைக் கடந்து வருகிறது. அதிலும் ஐந்தில் ஒரு பங்கு காற்று கீழே போய்விட்ட ஊர். ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் இந்தக் கதிர் பத்துப் பன்னிரண்டு சதவீதம் கூடும். நுவரெலியாவில் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்.

ஆனால் தோலுக்கு அது தெரிவதில்லை. வெயில் சுடுகிறது என்று நாம் உணர்வது வெப்பத்தை. ஊதாக்கடந்த கதிரை உணர நம்மிடம் புலன் இல்லை. கொழும்பில் பதினொரு மணி வெயிலில் பிள்ளையை இரண்டு மணி நேரம் எந்தத் தாயும் விட மாட்டாள். வாவிக் கரையில் குளிர் காற்று வீசுவதால் அதே தாய் விட்டுவிடுகிறாள். பிள்ளை மட்டக்குதிரையில் ஏறுகிறது, படகில் போகிறது, சாயந்தரம் மூக்கும் கன்னமும் சிவந்து எரிகிறது. 'நுவரெலியா வந்ததும் ஆப்பிள் மாதிரி ஆகிட்டா' என்று பெருமைப்படும் அந்தச் சிவப்பில் ஒரு பங்கு குளிரால் வந்தது, ஒரு பங்கு வெயில் சுட்ட காயம். கறுத்த தோல் ஓரளவு காக்கும், முழுக்கக் காக்காது. பிள்ளைகளின் கண்வில்லை பெரியவர்களுடையதைவிடத் தெளிவானது என்பதால் விழித்திரைக்கும் இந்தக் கதிர் கூடுதலாகப் போகிறது. காதை மூடும் கம்பளித் தொப்பி மட்டும் போதாது. பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் முகத்துக்கு நிழல் தரும் விளிம்புத் தொப்பி வேண்டும். விக்டோரியா பூங்காவிலும் ஹக்கலையிலும் பெரிய மரங்களுக்குக் குறைவில்லை. நண்பகல் நேரத்தை அந்த நிழலில் கழிக்கலாம்.

ஜனவரி, பெப்ரவரியில் போகிறவர்கள் வேறொன்றைப் பார்க்கப் போகிறார்கள்: விடிகாலையில் குதிரைப் பந்தயத் திடலின் புல்வெளி வெள்ளையாகக் கிடப்பதை. வானொலியில் 'நுவரெலியா வெப்பநிலை 4 பாகை' என்று சொல்லியிருப்பார்கள். 4 பாகையில் நீர் உறையாதே, பிறகெப்படி உறைபனி? வானிலை நிலையத்து வெப்பமானி தரையிலிருந்து ஒன்றேகால் மீற்றர் அளவு உயரத்தில், கூண்டுக்குள் நிழலில் இருக்கிறது. அது அளப்பது அந்த உயரத்துக் காற்றை. மேகமில்லாத, காற்றசையாத இரவில் புல்லும் தேயிலையும் தம் வெப்பத்தைக் கதிராக வானத்துக்கு வாரி இறைக்கின்றன. திருப்பித் தர மேகப் போர்வை இல்லை. புல்லின் நுனி சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து போகிறது. அதைத் தொட்ட காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனம். பிதுருதலாகலைச் சரிவிலிருந்தும் சுற்றியுள்ள மலைகளிலிருந்தும் அது வழிந்து நடுவிலுள்ள பள்ளத்தில் தேங்குகிறது. கூண்டில் 4 பாகை காட்டும்போது புல் மட்டத்தில் சுழியத்துக்குக் கீழே போயிருக்கும். புல்லில் படியும் நீராவி நேரே பனிக்கட்டித் துகளாகிறது. கொழுந்தின் கலங்களுக்குள் நீர் உறைந்தால் கலம் கிழிந்துபோகும்; வெயில் ஏறியதும் கொழுந்து தீயில் காட்டியதுபோல் கருகிக் கிடக்கும். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அது படம். அந்த மலையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு அந்த வாரத்துச் சம்பளம்.

இங்கே பிள்ளையின் உயரத்தை யோசிக்க வேண்டும். பெரியவர் மூச்சு விடுவது ஐந்தடி உயரத்துக் காற்றில். மூன்று வயதுப் பிள்ளை நிற்பது மூன்றடி உயரம். குனிந்து பனியைத் தொடும்போது முகம் ஓரடி உயரத்தில். அந்த நான்கடி இடைவெளிக்குள் நாலைந்து பாகை வித்தியாசம் இருக்கலாம். நாம் 'இவ்வளவுதானா குளிர்' என்று நிற்கும் இடத்தில் பிள்ளை வேறொரு காலநிலையில் விளையாடிக்கொண்டிருக்கிறது. நனைந்த கம்பளிக் கையுறையைக் கழற்றிவிட்டு உலர்ந்த காலுறையைக் கைக்கு மாட்டிவிடுங்கள். நீர், காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடல் சூட்டைக் கடத்திக்கொண்டு போகும்.

குளிர் பிள்ளையை வேறு விதமாக நடத்துவதற்கு அடிப்படைக் காரணம் எளிய கணிதம். சூடு உற்பத்தியாவது உடலின் நிறையில். சூடு வெளியேறுவது தோலின் பரப்பில். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 1.6 சதுர மீற்றர் தோல். 10 கிலோ எடையுள்ள ஒரு வயதுக் குழந்தைக்கு 0.46 சதுர மீற்றர். கிலோ ஒன்றுக்கு எவ்வளவு தோல் என்று பார்த்தால் குழந்தைக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல். அதிலும் குழந்தையின் தலை மட்டும் மொத்தத் தோலில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. பெரியவருக்கு அது பத்தில் ஒன்றுகூட இல்லை. லயத்து வாசலில் வெயில் காயும் குழந்தைக்கும் அம்மாயி கம்பளித் தொப்பி போட்டுவிடுவதை நகரத்துப் பிள்ளைகள் கேலி செய்வதுண்டு. கேலிக்கு இடமில்லை, அம்மாயி மூடியிருப்பது உடலிலேயே சூடு அதிகம் தப்பும் இடத்தை. பச்சிளம் குழந்தைக்கு நடுங்கிச் சூடு உண்டாக்கவும் வராது. தோள்பட்டைகளுக்கு இடையிலும் கழுத்திலும் சேமித்துள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது சமாளிக்கிறது; சேமிப்பு சிறியது.

இந்தக் கணக்கு மிகக் கடுமையாகும் இடம் சிவனொளிபாதமலை. மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை பருவம். ஹட்டன், மஸ்கெலியா வழியே நல்லதண்ணிக்கு வந்து, இரவில் ஏறத் தொடங்கி, விடியலுக்கு உச்சியில் நிற்பது வழக்கம். சுமார் 5,500 படி, ஏறத்தாழ 1,000 மீற்றர் ஏற்றம், உச்சி 2,243 மீற்றர். ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் ஆறரைப் பாகை என்று குறைந்தால், கொழும்பில் 27 பாகை இருக்கும் நேரத்தில் உச்சியில் 12 பாகைக்குக் கிட்ட. விடிகாலையில் இன்னும் கீழே, அதோடு காற்று. தோட்டத்துக் குடும்பங்கள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்த மலையை ஏறுகின்றன. தூக்கி ஏறும் அப்பாவின் தசைகள் அடுப்பாக எரிகின்றன. பாதி வழியில் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்கிறார். தோளில் இருக்கும் குழந்தை ஓர் அடியும் நடக்கவில்லை. அதன் தசைகள் சும்மா இருக்கின்றன. அப்பாவின் வியர்வை அதன் சட்டையின் முன்பக்கத்தை நனைத்துவிட்டது, முதுகில் காற்று அடிக்கிறது. 'எனக்கே வேர்க்குது, பிள்ளைக்கு என்ன குளிர்' என்பது அந்த மலையில் கேட்கும் மிக ஆபத்தான வாக்கியம்.

கையையும் காலையும் தொட்டுப் பார்த்துக் குளிர் அளக்கக் கூடாது. குளிரில் உடல் முதலில் ரத்தத்தைக் கை கால்களிலிருந்து உள்ளுக்கு இழுத்துக்கொள்ளும். சுகமான குழந்தைக்கும் கை ஜில்லென்றுதான் இருக்கும். பிடரிக்குக் கீழே, சட்டைக்குள், முதுகில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே வெதுவெதுப்பாக, உலர்ந்து இருந்தால் சரி. ஈரமாக இருந்தால் சட்டையை மாற்ற வேண்டும். அங்கேயும் ஜில்லென்று இருந்தால், குழந்தை அழுவதை நிறுத்திச் சோர்ந்து கிடந்தால், பால் குடிக்க மறுத்தால், மேலே ஏறுவதை அந்தப் படியோடு நிறுத்திவிட வேண்டும். பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்து, ஈரத்தைக் களைந்து, குழந்தையை நெஞ்சோடு தோலோடு தோலாக அணைத்து மேலே கம்பளியைப் போர்த்துவதுதான் உடனே செய்யக்கூடிய சிறந்த வைத்தியம். அழாத குழந்தையை 'சமத்து' என்று எண்ணிக்கொண்டு ஏறிப் போகக் கூடாது.

இலங்கை முழுவதற்கும் 2016இல் எடுத்த மக்கள்தொகை சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளவில் 17 சதவீதம்; தோட்டத்துறையில் 32 சதவீதம். நுவரெலியா மாவட்டமும் அதே அளவில்தான் நின்றது. மூன்றில் ஒரு பிள்ளை. தலைமுறை தலைமுறையாகக் குறைந்த கூலி, காற்றோட்டமில்லாத லயக் காம்பரா, கர்ப்பத்திலேயே ரத்தசோகை என்று இதற்குக் காரணங்கள் நீளும். வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு இந்த மலையில் குளிரும் கூடுதல் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மேலே பார்த்த கணக்கையே 7 கிலோ எடையுள்ள ஒரு வயதுக் குழந்தைக்குப் போட்டால், கிலோவுக்கான தோலின் பரப்பு 10 கிலோ குழந்தையைவிட மேலும் பத்துப் பதினைந்து சதவீதம் கூடிவிடுகிறது. தோலுக்கடியில் கொழுப்பு மெல்லிசு, எரிக்க இருப்பு குறைவு. சாப்பிட்ட சாப்பாட்டில் வளர்ச்சிக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கைக் குளிரைத் தாங்கவே அந்த உடல் செலவழிக்கிறது. நாட்டிலேயே அதிகம் வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் நாட்டிலேயே அதிகம் குளிரும் மாவட்டத்தில் வளர்கிறார்கள் என்பதை எழுதும்போதே மனம் கொதிக்கிறது.

அதனால் மலைக்குப் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கொழுந்துக் கூடையும் பிள்ளைக் காம்பராவுமாக ஓடும் வாரத்தில், குடும்பம் மொத்தமாக ஒரே நாள் வெளியே போவது தோட்டத்தில் அத்தனை எளிதாகக் கிடைப்பதில்லை. புறப்படுவதற்கு முன் குடும்பநல மாது எழுதித் தந்த பிள்ளையின் எடை அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எடை குறைந்த பிள்ளைக்கு மற்றவர்களைவிட ஓர் அடுக்குத் துணி கூடுதலாகவும், மாற்றுச் சட்டை இரண்டாகவும், வழியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது சாப்பாடு கிடைக்கும்படியாகவும் பையைக் கட்டுங்கள். அவித்த முட்டையும் பருப்பும் சோறும் பிஸ்கட்டைவிட அதிக நேரம் உடலைச் சூடாக வைத்திருக்கும்.